எச்.பி.டி-32 தீபக்

இந்திய விமானப்படையில் விமானிகளாகச் சேர்ந்தவர்கள் கால் நூற்றாண்டுக் காலம் முதன்முதலாக ஓட்டிப் பழகிய இலகுரகப் பயிற்சி விமானம். பெங்களூரின் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் (எச்.ஏ.எல்.) வடிவமைத்துக் கட்டியது. 1984இல் பணிக்கு வந்து 2009இல் ஓய்ந்தது.

இதன் முன்னோடி எச்.டி-2. வி. எம். காட்கே தலைமையில் உருவாகி 1951 ஆகஸ்டில் முதலில் பறந்த அந்த விமானம், பிரிட்டிஷ் டைகர் மாத்தின் இடத்தைப் பிடித்து நெடுங்காலம் உழைத்தது. அதில் ஆசிரியரும் மாணவரும் முன்னும் பின்னுமாக அமர வேண்டும். தீபக்கில் அருகருகே அமர்ந்தார்கள். மாணவரின் கை எங்கே தடுமாறுகிறது என்பதை ஆசிரியர் நேரிலேயே பார்த்துத் திருத்த முடிந்தது. உலோக உடல், உள்ளே மடங்காத மூன்று சக்கரங்கள், 260 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் பிஸ்டன் எஞ்சின். முதல் மாதிரி 1977 ஜனவரி 6 அன்று பறந்தது. எடையைக் குறைத்துத் திருத்திய மாதிரி 1981இல் வந்தது.

ஐதராபாத்தை அடுத்த துண்டிகல் அகாடமியில் மாணவர்கள் இதில் பயின்றார்கள். அந்த மாணவர்களுக்குக் கற்றுத்தரும் பயிற்றுநர்கள் உருவானது தமிழ்நாட்டில். அங்குள்ள தாம்பரத்தில்தான், 1954 முதல் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி நடந்து வருகிறது. கற்பிப்பவரே முதலில் இந்த விமானத்தின் குணத்தை முழுதாக அறிய வேண்டியிருந்தது.

அந்தக் குணத்தில் ஒன்று கொடியது. எஞ்சினுக்குப் போகும் எரிபொருள் தடைபட்டு, பறக்கும்போதே எஞ்சின் நின்றுபோகும். எஞ்சின் நின்றால் தீபக் வெகுதூரம் மிதந்து செல்லாது, விரைவாக உயரம் இழக்கும். விமானியை வெளியே வீசிக் காப்பாற்றும் இருக்கையும் இதில் இல்லை. எச்.ஏ.எல். பலமுறை மாற்றங்கள் செய்தும் குறை தீரவில்லை. மொத்தம் 17 விபத்துகளில் 19 விமானிகள் இறந்தார்கள். 2009 ஜூலை 31 அன்று மேதக் அருகே விழுந்ததில் இறந்த இருவருமே பயிற்றுநர்கள். அனுபவம் மிக்கவர்களாலேயே மீள முடியாத விமானத்தைப் புதியவர் கையில் கொடுக்க முடியாது என்பது அன்று வெட்டவெளிச்சமானது. தீபக் அனைத்தும் தரையிறக்கப்பட்டன. விமானம் முழுவதையும் தாங்கும் பாராசூட் பொருத்தும் யோசனை எழுந்தும் அவை பயிற்சிக்குத் திரும்பவில்லை.

மாற்று வழி முன்பே கண்ணெதிரில் இருந்தது. தீபக்கின் உடலில் டர்போபிராப் எஞ்சின் பொருத்திய எச்.டி.டி-34, 1984 ஜூனிலேயே பறந்து காட்டியது. அதை யாரும் வாங்கவில்லை. இந்தக் கதையில் மிகவும் வருந்தத்தக்க முடிவு அதுவே.

தீபக் நின்றபின் முதல்நிலைப் பயிற்சியைக் கிரண் ஜெட் விமானங்கள் சுமந்தன. 2012இல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பி.சி-7 விமானங்கள் 75 வாங்க ஒப்பந்தமாகி, 2013 மே மாதம் துண்டிகலில் பணியைத் தொடங்கின. எச்.ஏ.எல். உருவாக்கிய எச்.டி.டி-40 2016இல் பறந்தது. 70 விமானங்களுக்கு 2023 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டிலும் டர்போபிராப் எஞ்சினும் விமானியை வெளியேற்றும் இருக்கையும் உண்டு.