ஆம்ஸ்டர்டாமின் சமூக விலக்கும் ஸ்பினோசாவும்

17-ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமில் போர்த்துகீசிய யூதச் சமூகத் தலைவர்கள் ‘ஹெரெம்’ எனும் சமூக விலக்கைத் தண்டனையாக விதித்துவந்தனர். விலக்கப்பட்டவரோடு உறவினர்கூடப் பேசக் கூடாது. கொடுக்கல் வாங்கலும் கூடாது. பலர் மன்னிப்புக் கேட்டு, அபராதம் கட்டித் திரும்பிவிட்டனர். அப்படி விலக்கப்பட்டவர்களில் ஒருவரான ஊரியல் டா கோஸ்டா, தொழுகைக் கூடத்தில் கசையடி வாங்கியபின் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவமானம் தாளாமல் 1640-இல் தற்கொலை செய்துகொண்டார்.

1656 ஜூலை 27 அன்று தத்துவவாதி பாருக் ஸ்பினோசா விலக்கப்பட்டபோது அவருக்கு வயது 23. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. வேறு மதத்திலும் சேரவில்லை. நுண்ணோக்கி, தொலைநோக்கிகளுக்கான கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துச் சம்பாதித்தார். நண்பர்களும் உதவினர். வாடகை அறைகளில் எளிமையாக வாழ்ந்தபடி எழுதினார். சிந்தனைச் சுதந்திரத்தை அரசு காக்க வேண்டும் என வாதிட்ட நூலை 1670-இல் பெயர் போடாமல் வெளியிட்டார். 1673-இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தர முன்வந்தது. நிலைபெற்ற மதத்தைக் குலைக்கலாகாது என்ற நிபந்தனை தம் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் என்று கருதி மறுத்துவிட்டார்.

1677-இல் தி ஹேக் நகரில், நுரையீரல் நோயால் 44 வயதில் இறந்தார். அவருடைய தலைசிறந்த நூலான ‘எதிக்ஸ்’ அந்த ஆண்டின் இறுதியில் அச்சேறியது. அவர்மீதான விலக்கு அவர் வாழ்நாளில் நீக்கப்படவே இல்லை.