மொட்டைக்கு ஏற்ற லென்ஸ்

திருப்பதி யாத்திரிகர்களைப் படம் எடுக்கிறவனுக்கு முதல் சவால் மொட்டை. கல்யாணக்கட்டாவில் முடி இறக்கி, தலை நிறையச் சந்தனத்தோடு மலையிறங்கி, வேலூர்ப் பக்கம் திரும்பும் குடும்பங்கள் சித்தூரில் என் ஸ்டுடியோவுக்கு வரும். கோயிலுக்குள் கேமரா கூடாது என்பதால் வேண்டுதல் தீர்ந்ததற்கு இந்தப் படம்தான் சாட்சி. ஃபிளாஷ் அடித்தால் சந்தனம் வெளுத்துப்போகும், கத்தி பட்ட கீறல்வரை தெரியும். இதற்கென்றே நான் வைத்திருப்பது ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்காகச் செய்த ஒரு சோவியத் லென்ஸ். ஜூபிட்டர்-9, 85 மி.மீ., எஃப் 2.

சோவியத் என்றாலும் பிறவி ஜெர்மன். ஸைஸ் நிறுவனத்துக்காக லுட்விக் பெர்டெலெ 1930களில் வகுத்த சோனார் அமைப்பு இது. ஏழு கண்ணாடிகளை மூன்று தொகுதிகளாக ஒட்டியிருப்பார்கள். எதிரொளிப்பைக் குறைக்கும் மேல்பூச்சு பரவலாகாத காலம் அது. இப்படி ஒட்டி, காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்பைக் குறைத்தால் உள்ளே சிதறும் ஒளியும் குறையும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஸைஸின் இயந்திரங்களும் வரைபடங்களும் நட்டஈடாகச் சோவியத்துக்குப் போயின. கான்டாக்ஸ் கேமரா கீவ் ஆயிற்று; சோனார் ஜூபிட்டர் ஆயிற்று.

ஜப்பானிலும் சோனார் ஒரு கிளை விட்டது. 1950இல் டோக்கியோவில் ஜுன் மிகி என்ற இளம் புகைப்படக்காரர், ‘லைஃப்’ பத்திரிகையின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கனை மங்கிய வெளிச்சத்தில், சோனார் வழியில் வந்த நிக்கோர் 8.5 செ.மீ. லென்ஸில் எடுத்துக் காட்டினார். படத்தைப் பார்த்து அசந்த டங்கன், அந்த லென்ஸைச் செய்த நிப்பான் கோகாகு (இன்றைய நிக்கான்) ஆலைக்கே போனார். ஜூன் 25இல் கொரியப் போர் வெடித்தது. அந்த ஆலையின் லென்ஸ்களோடு அவர் எடுத்து அனுப்பிய படங்கள் நிக்கான் பெயரை அமெரிக்காவில் நிலைநாட்டின. எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு முகப்படம்!

ஜூபிட்டருக்கு அந்த யோகம் இல்லை. எஃப் 2இல் முழுக்கத் திறந்தால் பளிச்சிடும் இடங்களைச் சுற்றி மெல்லிய புகை படரும். எஃப் 4க்கு மூடினால் நல்ல கூர்மை. அன்றைக்குக் குறை என்று தள்ளிய அந்தப் புகைக்குத்தான் இன்று கிராக்கி. சந்தனத் தலைக்கு அதுதான் வாகு. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் கூர்மை ஏறக்குறைய 4 செ.மீ. ஆழத்துக்குத்தான், கண்ணில் பிடித்தால் காது கரைந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் இரட்டையாகத் தெரியும் கண்ணை ஒன்றாக்குவதற்குள் குழந்தை திரும்பிவிடும், அது வேறு கதை. “போன்ல எல்லாச் சுருக்கமும் தெரியுது, இதுல நல்லா கீறேம்ப்பா” என்றார் ஒரு பாட்டி. அதற்குமேல் எனக்கு என்ன சான்றிதழ் வேண்டும்?

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திருகு மவுன்ட் ஜூபிட்டர் லைக்காவில் பொருந்தும், ஆனால் இரண்டின் ஃபோகஸ் கணக்கும் வேறு. கிட்டத்தில் எஃப் 2இல் வைத்தால் கூர்மை தப்பும். மிரர்லெஸ் கேமராவில் அடாப்டரோடு மாட்டினால் அந்தத் தொல்லை இல்லை. பணம் கொடுக்கும் முன் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோகஸ் வளையம் இறுகியிருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது, சர்வீஸ் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.