'தப்பி ஓடியவரின்' மனைவி

'ஜெய் பீம்' படத்தை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். அதன் மூலக்கதை நடந்தது நம்ம பக்கம்தான். அன்றைய தென்னாற்காடு, இன்றைய கடலூர் மாவட்டம், முதனை கிராமம். 1993 மார்ச்சில் நகைத் திருட்டு என்று சொல்லி, குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணுவை கம்மாபுரம் போலீஸ் பிடித்துப்போனது. அவர் ஸ்டேஷனிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. ஆனால் போலீஸ் சொன்ன கணக்கில் அவர் 'தப்பி ஓடியவர்'.

தோழர்களே, படத்தைப் பற்றி எவ்வளவோ பேசினோம், இந்தச் சொல்லைப் பேசவில்லை. தப்பி ஓடியவர் என்றால் உயிரோடு இருப்பவர். அப்படியானால் பார்வதி சட்டப்படி விதவையே இல்லை. ஆதரவற்ற விதவை உதவித்தொகை 1975 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. மனு கொடுக்கப் போனால் முதலில் இறப்புச் சான்றிதழ் எங்கே என்பார்கள். காணாமல் போனவரை இறந்தவராகக் கருத, 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவு ஏழு ஆண்டுகள் கேட்டது. (2023இல் வந்த புதிய சட்டத்திலும் அதே ஏழுதான்.)

பார்வதி காத்திருக்கவில்லை. பணம் கேட்டும் போகவில்லை. புருஷன் எங்கே என்றுதான் கேட்டார். வழக்கறிஞர் சந்துரு மூலம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். பக்கத்து மாவட்டத்தில், மீன்சுருட்டி எல்லையில், அடையாளம் தெரியாத பிணமாகக் கிடந்தவர் யார் என்பது அந்தப் போராட்டத்தில்தான் வெளியே வந்தது. இழப்பீடெல்லாம் அதற்குப் பிறகு. போலீசார் குற்றவாளிகள்தான் என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2006 ஆனது.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 2016 திருத்தம் கொலைக்கு வைத்த தொகை 8.25 லட்சம். பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் மீதி. மனைவிக்கு மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியமும் அகவிலைப்படியும் உண்டு. பிணமே இல்லை என்று சொல்லிவிட்டால், அந்த முதல் பாதிகூட வராது.

கொலை வேண்டாம், சாதாரணச் சாவுக்கே வருகிறேன். சிதம்பரம் பக்கம் சேரிகளுக்குப் போனால், "கருமாதி முடியட்டும் தம்பி" என்கிறார்கள். அழுதுகொண்டிருக்கும் அக்காவிடம் ஆதார் அட்டை கேட்க எனக்கும் வாய் வராது. ஆனால் சாவைப் பதிய 21 நாள்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் மிச்சம் ஐந்து நாள். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும், கூலி வேலையை விட்டுவிட்டு அலையணும். அந்த அக்கா வீட்டிலேயே இருக்கட்டும். அவர் மைத்துனரையோ அண்ணனையோ விஏஓவிடம் கூட்டிப்போவது நம் வேலை.