கூட்டிப் போனதும் கூடப் போனதும்

ஆள்கடத்தல் என்ற குற்றத்தைப் படிக்கும் சட்ட மாணவர் சீக்கிரமே வந்து நிற்கும் இடம் ‘வரதராஜன் எதிர் சென்னை மாநிலம்’ என்ற வழக்கு. நுங்கம்பாக்கத்தில் ஓர் அரசு அதிகாரியின் குடும்பம். அடுத்த வீட்டில் ஓர் இளைஞர். வீட்டுக்கு வீடு நின்று பேசிய பேச்சு காதலானது. 1960 செப்டம்பர் 30 அன்று விஷயம் வெளிப்பட்டது. அவரைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று பெண் சொல்லிவிட, தகப்பனார் அவளைக் கோடம்பாக்கத்தில் உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் காலை பத்து மணிவாக்கில் அவள் அந்த வீட்டிலிருந்து கிளம்பினாள். இன்ன தெருவுக்கு வந்துவிடுங்கள் என்று இளைஞருக்குத் தொலைபேசியில் சொன்னதும் அவள்தான். காரில் வந்தவரோடு ஏறிக்கொண்டு, மயிலாப்பூரில் ஒருவரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலைக் கடையில் திருமாங்கல்யமும் இரண்டு குண்டும் அவளே பார்த்து எடுத்து, பதிவாளர் அலுவலகத்தில் மண ஒப்பந்தத்தைப் பதிந்தார்கள். சாத்தூர், கோவை என்று சுற்றி, கடைசியில் தஞ்சாவூரில் போலீசிடம் அகப்பட்டார்கள். பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த அவளுக்கு 18 வயது நிறைய ஏறத்தாழ ஆறு வாரம் பாக்கி. எழும்பூர் மாஜிஸ்திரேட் இளைஞருக்கு ஓராண்டு கடுங்காவல் விதித்தார். உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அந்த ஆறு வாரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1860-ல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 361-ஆவது பிரிவு, பாதுகாவலரின் சம்மதமின்றிக் கூட்டிப் போனால் கடத்தலாகும் வயது வரம்பைப் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 14 என்று வகுத்திருந்தது. 1949-ல்தான் அவை 18 ஆகவும் 16 ஆகவும் உயர்ந்தன. அதற்கு முன்னால் நடந்திருந்தால் இந்தப் பயணம் வழக்காகவே ஆகியிருக்காது. களவில் தொடங்கி உடன்போக்கில் முடியும் காதலை இலக்கணமாகவே வகுத்து வைத்திருக்கும் தொல்காப்பியத்தின் மண்ணில், அதே செயலைக் குற்றமாகவோ குற்றமற்றதாகவோ ஆக்கியது ஒரு திருத்தச் சட்டம்.

குற்றவியலின் அடிப்படை எளியது: தண்டிக்க வேண்டுமானால் குற்றச் செயலும் வேண்டும், அதைச் செய்தவரிடம் குற்ற மனமும் வேண்டும். ஆள்கடத்தல் பிரிவில் இந்த இரண்டாவது தூண் மிக மெலிந்தது. கெட்ட நோக்கம் இருந்ததா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. இதே வகைக் குற்றத்தில், பெண்ணுக்கு 18 ஆகிவிட்டது என்று நியாயமாகவே நம்பியவருக்கும் தண்டனை உண்டு என்று 1875-லேயே இங்கிலாந்தில் பிரின்ஸ் வழக்கில் தீர்ப்பாயிற்று. சிறுமியின் சம்மதமும் கணக்கில் வராது. பாதுகாவலரின் சம்மதம்தான் பேச்சு. ஆகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எஞ்சியிருப்பது ஒரே கேள்வி: கூட்டிப் போன செயல் அவருடையதுதானா? அதையும் நெகிழ்த்திவிட்டால், காதலித்தவள் வந்து நிற்கும்போது விலகிப் போகாததே சிறைக்குப் போதுமான காரணமாகிவிடும். 1920-களில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அளவுக்கு நெருங்கியும் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புக்கொண்டு செய்த ஏதோ ஒன்று இல்லாவிட்டால் பெண் வீட்டைவிட்டு வந்திருக்கமாட்டாள் என்றால், அதுவே கூட்டிப் போனதாகும் என்று அது சொன்னது.

1964 செப்டம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்தச் சரிவைத் தடுத்து, இளைஞரை விடுவித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி முதோல்கர், கூட்டிப் போவதற்கும் கூட வர விடுவதற்கும் நடுவே கோடு போட்டார். கடத்தல் ஆக வேண்டுமானால், குற்றம் சாட்டப்பட்டவர் ஆசை காட்டியிருக்க வேண்டும், அல்லது வீட்டைவிட்டு வரும் எண்ணம் பெண்ணிடம் உருவாவதில் முன்பே பங்கு இருந்திருக்க வேண்டும். தானே முடிவெடுத்து வந்தவளின் எண்ணம் நிறைவேற உதவியது மட்டும் கடத்தல் ஆகாது. அவளைத் தகப்பன் வீட்டில் திரும்பக் கொண்டுபோய் விடும் கடமையும் அவருக்கு இல்லை.

இது சிறுமியின் சம்மதத்தைக் கொல்லைப்புறமாக உள்ளே விடும் வேலை என்று ஆட்சேபிக்கலாம். வலுவான ஆட்சேபம்தான். ஆனால் சம்மதம் என்பது இன்னொருவர் செய்யும் செயலுக்குத் தரும் இசைவு. இங்கே அந்த இன்னொருவரின் செயலே நிரூபணமாகவில்லை. தொலைபேசியை எடுத்ததும், வீட்டைவிட்டு நடந்ததும் அவள். உறவினர் வீட்டில் இருந்தபோதும் அவள் தகப்பனின் பாதுகாப்பில்தான் இருந்தாள் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அந்தப் பாதுகாப்பிலிருந்து அவளை வெளியே கொண்டுவந்தது யார் என்றுதான் கேட்டது. பெற்றவரின் வேதனை உண்மையானது. அதற்காக, செய்யாத செயலை ஒருவர் மேல் ஏற்ற முடியாது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அவள் விவரம் அறியாத கிராமத்துப் பெண் அல்ல, நவீன நகரத்தில் வளர்ந்த கல்லூரி மாணவி. ஆகவே தானே சிந்திக்க வல்லவள் என்று தீர்ப்பு காரணம் சொன்னது. எதிராஜ் போன்ற மகளிர் கல்லூரிகளும், வீட்டில் தொலைபேசியும், பேரைப் பதிந்து மணம் முடிக்கும் அலுவலகமும் கொண்ட சென்னை, இப்படி இளைஞர் தரப்புச் சாட்சியாகிவிட்டது. இது தவறான இடத்தில் வைத்த பாரம். யார் செயல் என்பதே கேள்வியானால், சாத்தூர்ப் பக்கத்தில் படிக்காமல் வளர்ந்த பதினேழு வயதுப் பெண் தானே நடந்து வந்தாலும் விடை அதேதான். அவள் விஷயத்தில் ஆசை வார்த்தை இருந்ததா என்று கூடுதலாக விசாரிக்கலாம். அறிவில்லாதவள் என்று முன்கூட்டியே முடிவு கட்டக்கூடாது.

2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-ஆவது பிரிவு இந்தக் குற்றத்தைக் கையாள்கிறது. ஆண் பெண் வேறுபாடின்றி 18 வயதுக்கு உட்பட்ட எல்லாருக்கும் பொருந்துகிறது. ஆனால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் இயற்றிய போக்சோ சட்டம் வந்த பிறகு, காதலர் ஓடிப்போன வழக்குகளில் கடத்தல் பிரிவோடு அதுவும் சேர்ந்தே வருகிறது. அங்கே உடலுறவு நிரூபணமானால், யார் யாரைத் தேடி வந்தார் என்ற கேள்விக்கே இடமில்லை. 2021 ஜனவரியில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பதின்பருவக் காதலைத் தண்டிப்பது அந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சொல்லி ஒரு வழக்கை ரத்து செய்தார். அது சென்னை உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தைக் கொண்டு, அந்த ஒரு வழக்கில் தந்த நிவாரணம். சட்டத்தின் வாசகம் அப்படியே இருக்கிறது.