பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தவர்கள்

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்குப் பெர்ரியில் போயிருப்பீர்கள். அந்தக் கடலின் அகலம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர்தான். அதற்கே கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி, எவ்வளவு தண்ணீர்!" என்கிறோம். அதைப்போலப் பத்து மடங்குக் கடலைக் கையாலும் காலாலும் கடந்தவர்கள் நம்மவரில் உண்டு.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் நடுவே கிடப்பது பாக்கு நீரிணை. சென்னை கவர்னராக இருந்த ராபர்ட் பாக் என்ற ஆங்கிலேயரின் பெயர் அது. வெற்றிலை பாக்குக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது! தெற்கே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர். வடக்கே வல்வெட்டித்துறைக்கும் கோடியக்கரைக்கும் இடையே கடல் இன்னும் அகலம். ஆழம் குறைவுதான், தண்ணீரும் வெதுவெதுப்புதான். ஆனால் நீரோட்டம் ஆளை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

இந்தக் கடலை முதலில் நீந்தியவர் மிஹிர் சென் என்றே பலரும் சொல்கிறார்கள். அது சரியல்ல. அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1954-இல், யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையில் இறங்கிக் கோடியக்கரையில் ஏறினார். எடுத்துக்கொண்ட நேரம் 27 மணி. ஒரு பகல், ஓர் இரவு, அதற்கு மேலும் மூன்று மணி நேரம்! சும்மாவா? யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே எத்தனையோ பேர். அவர்களிலும் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு என்பதுதான் என் மனக்குறை.

மிஹிர் சென்னின் பெருமையை நான் குறைக்கவில்லை. வங்காளத்து வழக்கறிஞர் அவர். 1958-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திய முதல் இந்தியர். 1966 ஏப்ரலில் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணைவரத் தலைமன்னாரிலிருந்து நீந்தி 25 மணி 36 நிமிடத்தில் தனுஷ்கோடி போய்ச் சேர்ந்தார். அவர் கரையேறிய ஊரை நினைத்தால் மனம் கனக்கிறது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோயிருந்தது. ரயிலில் வந்திறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய துறைமுகம் அது; அவர் வந்தபோது இடிந்த சுவர்களும் மணலும்தான் மிச்சம்.

அடுத்தவர் வல்வெட்டித்துறையில் பிறந்த ஆனந்தன். ஆழிக்குமரன் என்று மக்கள் பட்டம் சூட்டினார்கள். 1971-இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நீந்தி, அதோடு விடாமல் திரும்பவும் நீந்தியே வந்தார்! மொத்தம் 51 மணி நேரம். போகும்போது இருந்த தெம்பு திரும்பும்போது இருக்குமா? எதிர்க்கரையைத் தொட்டவுடன் உட்கார்ந்துவிடத்தானே யாருக்கும் தோன்றும்? ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியவரும் இவரே.

1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க இறங்கினார். கோடையிலும் 15 முதல் 18 டிகிரியைத் தாண்டாத குளிர்ந்த நீர் அது. பாக்கு நீரிணை விட்டுக்கொடுத்த மனிதரை அந்தக் கடல் விடவில்லை. முயற்சியின்போதே உயிர் பிரிந்தது, வயது 41. அதே கால்வாயை 2003-இல் நம் நாட்டு அப்துல் மாலிக் மைதீன் நீந்திக் கடந்தார். மலேசியர்களில் அவரே முதல்வர்.

சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் 1994-இல் பாக்கு நீரிணையை நீந்தியபோது வயது பன்னிரண்டு. நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது! அந்த ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து, மிஹிர் சென்னின் ஐந்து என்ற கணக்கை முந்தினான்.

ஆனந்தனின் போய்வந்த சாதனை மட்டும் ஐம்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படை வீரர் ரொஷான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பி, அதை 28 மணி 19 நிமிடமாகக் குறைத்தார்.