காதுல சீழா? அசட்டையா விடாதீங்க... மூளை உறையை தாக்கும் காய்ச்சல்!

மூளைக்காய்ச்சல் என்றாலே நம்மூர் ஜனங்களுக்கு பன்றியும் கொசுவும்தான் ஞாபகத்துக்கு வரும். விழுப்புரம், கடலூர் பக்கம் குழந்தைகளை பலி வாங்கிய ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஏற்படுத்திய பயம் அது. ஆனால் மூளையை சுற்றியுள்ள சவ்வில் கிருமி புகுந்து வரும் மூளை உறை காய்ச்சல் வேறு. டாக்டர்கள் இதை 'மெனிஞ்சைட்டிஸ்' என்கிறார்கள். ஜப்பானிய காய்ச்சலுக்கு போட்ட ஊசி இதற்கு கைகொடுக்காது.

வைரஸால் வந்தால் பெரும்பாலும் தானாக சரியாகிவிடும். பாக்டீரியா என்றால்தான் வில்லங்கம். ஒரே நாளில் ஆளை சாய்த்துவிடும். பிழைத்தாலும் காது செவிடாகலாம், வலிப்பு வரலாம். காசநோய் கிருமியாலும் வரும். அது வாரக்கணக்கில் லேசான காய்ச்சல், தலைவலியாக இருந்து கடைசியில்தான் வேலையை காட்டும்.

யாருக்கு ஆபத்து?

பச்சிளம் குழந்தைகள், வயசானவர்கள், சர்க்கரை நோயாளிகள், எச்.ஐ.வி. பாதித்தவர்கள், குடிக்கு அடிமையானவர்கள், மண்ணீரலை அகற்றியவர்கள். 'காதுல சீழ் வர்றது சகஜம்தானே' என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறவர்களும் இதில் சேர்த்தி. நாள்பட்ட சீழ் எலும்பை அரித்து மூளை உறை வரை போய்விடும். பைக்கில் விழுந்து தலையில் அடிபட்ட பிறகு மூக்கில் தண்ணீர் மாதிரி ஒழுகினால் சளி என்று சும்மா இருக்கக்கூடாது. மண்டையோட்டு விரிசல் வழியாக மூளை நீர் கசியலாம். அதே வழியில் கிருமியும் உள்ளே போகும்.

கூட்ட நெரிசலில் இருமல், தும்மல் மூலம் பரவும் மெனிங்கோகாக்கஸ் தனி ரகம். ஹஜ் பயணிகளுக்கு சவுதி அரசு இதற்கான தடுப்பூசியை கட்டாயமாக்கியிருப்பது அதனால்தான்.

குழந்தைகளுக்கு அரசு ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஊசி இலவசம். 2011-ல் தமிழகத்துக்கு வந்த ஐந்து நோய் தடுப்பூசி, 2021-ல் வந்த நிமோகாக்கல் ஊசி, பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஆகிய மூன்றும் இந்த நோயின் முக்கிய கிருமிகளுக்கு எதிரானவை.

முதுகில் ஊசி

கடும் காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்தை குனிய முடியாத விறைப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம். கைக்குழந்தை என்றால் பால் குடிக்காது, உச்சிக்குழி புடைக்கும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே முதுகில் ஊசி குத்தி நீர் எடுப்பார்கள். 'கால் விளங்காம போயிடும்' என்று உறவுக்காரர்கள் தடுப்பது வழக்கமாக நடக்கும் கூத்து. தண்டுவடம் முடியும் இடத்துக்கு கீழேதான் ஊசி இறங்கும். அந்த நீரை சோதித்தால்தான் சாதாரண பாக்டீரியாவா, காசநோயா என்பது பிடிபடும். முதலாவதுக்கு சில நாட்கள், சில வாரங்கள் ஊசி மருந்து. காசநோய் என்றால் ஒரு வருஷம் வரை மாத்திரை.