கடனாளியின் நகைச்சுவை

எங்கள் ஒடுகத்தூர் கடைகளில் "இன்று ரொக்கம், நாளை கடன்" என்ற பலகையைப் பார்த்தால் எனக்கு மார்க் ட்வைன் ஞாபகம்தான் வரும். கடன் இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லாமல் சிரிக்க வைத்துச் சொல்வதுதானே அது!

அமெரிக்க எழுத்தாளரான ட்வைன் (1835-1910) கடனில் மூழ்கியவர். அச்சுக் கோக்கும் இயந்திரம் ஒன்றில் பணத்தைக் கொட்டினார். அது தேறவே இல்லை. அவருடைய பதிப்பகமும் 1894-ல் திவாலானது. பங்குச் சந்தை பற்றிய அவருடைய புகழ்பெற்ற கிண்டல் அதே ஆண்டு புத்தகமாக வந்த 'பட்டன்ஹெட் வில்சன்' நாவலில்தான் இருக்கிறது. பங்கு வாங்க அக்டோபர் ஆபத்தான மாதம் என்று தொடங்கி, மீதி பதினொரு மாதங்களையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுவார்!

திவாலானவர் முழுக் கடனையும் அடைக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் 1895-ல், 59 வயதில், சொற்பொழிவு செய்து சம்பாதிக்க உலகப் பயணம் கிளம்பினார். 1896-ல் பம்பாய், அலகாபாத், கல்கத்தா என்று நம் நாட்டிலும் பேசினார். கல்கத்தாவிலிருந்து இலங்கை போகும் வழியில் அவருடைய கப்பல் சென்னையில் ஒரு நாள் நின்றது. 1898-ல் காசு பாக்கியில்லாமல் கடனை அடைத்து முடித்தார்.

அவருடைய வாசகங்கள் நூறு ஆண்டு தாண்டியும் பழசாகாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பங்குச் சந்தையைக் கிண்டல் செய்தவர் அதற்கு முன்பே தன் கைப்பணத்தை இழந்திருந்தார். எங்கள் வீட்டிலும் வட்டி கட்டும் தேதி வந்தால் முதலில் ஜோக் அடிப்பவர் அப்பாதான். அன்றைக்கே வட்டியையும் கட்டிவிடுவார்.